தங்கச்சியை ஏற்றிக்கொள்ளும் படகு

எங்கள் குடும்பத்தில் பை காவல் என் தங்கச்சிக்கு உரியது. யாரும் அவளை அந்த வேலைக்கு நியமிக்கவில்லை. கதிர்காமம் போனால் நாங்களெல்லாம் மாணிக்க கங்கையில் இறங்கிவிடுவோம். அவள் சோற்றுப் பானையையும் மாற்றுத்துணிப் பைகளையும் சுற்றிலும் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பாள். சிவனொளிபாத மலைக்குப் போனபோது அடிவாரத்து நல்லதண்ணியில் ஒரு கடை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நீர்கொழும்புக் கடற்கரையில் எங்கள் செருப்புகளுக்கு நடுவே. தோட்டத்திலிருந்து ட்ரிப் போகிற எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒருத்தர் இருப்பார். சமைத்த சோற்றோடு போகிறோம். வேனுக்குள் விட்டால் வெக்கையில் கெட்டுவிடும். வெளியே வைத்தால் நாயும் குரங்கும் வரும். ஆகவே யாராவது உட்கார்ந்தாக வேண்டும். முதல் பயணத்தில் உட்கார்ந்தவரே பிறகு எல்லாப் பயணங்களிலும் உட்காருவார்.

நான் தபாலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காலையில் கதவைத் திறந்ததும் முத்திரைக் கட்டையில் தேதியை மாற்றுவதுதான் என் முதல் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு புகைப்படத்தின் பின்பக்கமும் தேதி, கிழமை, திதி, இடம், நிற்பவர்கள் இடமிருந்து வலமாக என்று எழுதிவைப்பேன். வீட்டில் எந்தச் சண்டை என்றைக்கு நடந்தது என்று சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள்.

சென்ற தை மாதம் தங்கச்சியின் மகன் கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்தான். பொங்கலுக்கு மறுநாள் எல்லோரும் என் வீட்டில் கூடியிருந்தபோது பழைய ஆல்பங்கள் வெளியே வந்தன. தங்கச்சி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனாள்.

"அண்ணே, கதிர்காமத்துக்கு நான் வந்தேனா?"

"வந்தியே. பானையக் கொண்டாந்தவளே நீதானே."

"அப்ப எங்க நான்?"

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். நல்லதண்ணியிலும் இல்லை, நீர்கொழும்பிலும் இல்லை. எல்லாப் படங்களின் பின்னாலும் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதியவன் நான். ஒரு பெயர் எங்குமே வரவில்லை என்பதைக் கவனித்திருக்கவில்லை.

"விடும்மா, இந்தத் தடவ நெறையப் படம் எடுப்போம்" என்றான் மருமகன். "கித்துல்கலைக்கு ராஃப்டிங் போறோம். எல்லாரும்." தொலைபேசியை எடுத்து ஒரு காணொளியைக் காட்டினான். ரப்பர் படகொன்று வெள்ளை நுரைக்குள் தலைகுப்புற விழுந்து எழுந்தது. உள்ளே இருந்தவர்கள் அலறினார்கள். என் மகளும் அவன் தங்கையும் அந்த இடத்திலேயே சரி என்றுவிட்டார்கள்.

"நீங்க வந்து கரையில நின்னு பாருங்கம்மா. சும்மா ஜாலியா இருக்கும்."

"பாக்கிறதுக்கு நான் எதுக்கு வரணும்? அட்டன் பஸ்ஸுல போறப்பெல்லாம் ஜன்னலால பாத்துக்கிட்டுத்தானே போறேன். தொப்பியப் போட்டுக்கிட்டு அம்புட்டுப் பேரும் கத்துறாங்க. எதுக்குக் கத்துறாங்கன்னுதான் இன்னும் வெளங்கல. இந்தத் தடவ நானும் ஏறிக் கத்திப் பாக்கணும்."

"முழங்காலு?"

"முழங்காலாலயா கத்துறது?"

எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. ஆல்பத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டு, "நான் ஏறலன்னா வரவே இல்ல. பானைக்கு வேற ஆளப் பாருங்க" என்றாள்.

தங்கச்சி தெஹியோவிட்டைக்கு மேலே உள்ள தோட்டத்தில் காலமெல்லாம் ரப்பர் பால் வெட்டியவள். போன வருடம்தான் வேலையிலிருந்து நின்றாள். வலது முழங்கால் படிகளில் மட்டும் அவளோடு ஒத்துவராது. காலையில் பிரஷருக்கு ஒரு மாத்திரை போடுகிறாள். நீச்சல் தெரியாது. இந்த மூன்றையும் மகன் விரல் விட்டு எண்ணிக்காட்டினான். பயந்துதான் சொன்னான் என்பது எனக்குத் தெரியும். அவன் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன். தூர தேசத்தில் இருக்கும்போது அம்மாவின் இருமல் சத்தம் தொலைபேசியில் கேட்டாலே அன்றைக்குச் சாப்பிடமாட்டான்.

என் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "அவ ஏறுனாத்தான் நானும் ஏறுவேன்."

"அத்தே, நீங்களுமா?"

"ஏன், எனக்கென்ன கொறச்சல்?"

கடைசியில் இடம் பார்க்கும் பொறுப்பும் நாள் குறிக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தன. எங்கள் வீட்டில் நாள் சம்பந்தப்பட்ட எதுவும் அங்கேதான் விழும்.

நான் எதையும் வாசித்துவிட்டுச் செய்கிறவன். கித்துல்கலையைத் தாண்டி ஓடும் களனி கங்கையின் கீழ்ப்பகுதியில் ஒரு காலத்தில் பாரு என்ற கூரை போட்ட படகுகளில் சாமான் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள் என்று முன்பே வாசித்திருந்தேன். இப்போது நீர்ப்பாய்ச்சல்களை எப்படித் தரம் பிரிக்கிறார்கள், தலைக்கவசம் எப்படி இருக்க வேண்டும், படகு கவிழ்ந்தால் காலை எந்தப் பக்கம் நீட்ட வேண்டும் என்பதையெல்லாம் வாசித்தேன். வாசிக்க வாசிக்க என் கேள்விகள் கூடின. மனைவி ஒரே வார்த்தையில் அவற்றைக் குறைத்தாள். "நம்ம கேக்க வேண்டியது ஒண்ணுதான். அவள ஏத்துவாங்களா?"

மாசி பிறந்த முதல் வாரம் இருவரும் பஸ்ஸில் போனோம். ரப்பர் மரங்கள் இலை கொட்டி நின்ற நேரம். கரவனல்லை தாண்டி, யட்டியாந்தோட்டை தாண்டி, கங்கை பாதையோடு சேர்ந்து வரும்வரை வெயில் தங்குதடையில்லாமல் பஸ்ஸுக்குள் விழுந்தது.

முதலில் போனது கண்ணாடிக் கதவு போட்ட பெரிய இடம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். பிரஷர் மாத்திரை என்றதும் தலையை அசைத்துவிட்டாள். வேண்டுமானால் அந்த அம்மாவுக்கு நிழலில் நல்ல நாற்காலி தருவோம் என்றாள். "நாற்காலி அவகிட்டயே நெறைய இருக்கு" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு என் மனைவி எழுந்தாள்.

இரண்டாவது இடத்தில் நான் கேள்வியை முடிப்பதற்குள்ளேயே பதில் வந்தது. எத்தனை வயதானாலும் பரவாயில்லை, எந்த நோயென்றாலும் பரவாயில்லை, ஒரு பிரச்சினையும் வராது. மனைவி மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள்.

மூன்றாவது இடம் சற்றுக் கீழே, கங்கையை ஒட்டிய தகரக் கொட்டகை. நாற்பது வயது மதிக்கத்தக்க சிங்களக்காரர் ஒருவர் படகின் அடிப்பக்கத்தில் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். நான் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் வேலையை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, "வத்துர பலலா கியன்னம்" என்றார். தண்ணீரைப் பார்த்துச் சொல்கிறேன். தண்ணீர் அதிகமாக இருந்தால் ஏற்றமாட்டேன், அழுதாலும் ஏற்றமாட்டேன். குறைவாக இருந்தால் என் அம்மாவையே ஏற்றுவேன். அன்றைக்குக் காலையில்தான் தெரியும் என்றார்.

பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது, "இந்த ஆளு போதும்" என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் பட்டது. தபாலகத்தில் இத்தனை வருடம் நின்றதில் ஒன்று தெரியும்: கடிதம் நாளைக்கே கட்டாயம் போய்ச் சேரும் என்று அடித்துச் சொல்கிறவனைவிட, மழையைப் பொறுத்தது என்கிறவனை நம்பலாம்.

பிறகு நாள். இதில்தான் நான் மிகவும் கவனமாக இருந்தேன். மருமகள், அதாவது தங்கச்சியின் மகள், அவிசாவளையில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. ஆர்டர் நெருக்கடியில் ஞாயிறும் வேலை; ஒரு நாள் போகாவிட்டால் அந்த மாத வரவுப்படி போய்விடும். என் மகள் ரம்புக்கனைப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியை. மருமகனுக்கோ மாத முடிவில் விமானம். எல்லோருக்கும் பொதுவாக விடுமுறையுள்ள ஒரே நாள் பௌர்ணமி நாளான நவம் போயா. பஞ்சாங்கத்தையும் பார்த்தேன். காலையில் ராகு காலம் குறுக்கிடவில்லை. கொட்டகைக்காரருக்குத் தொலைபேசியில் போயா தினத்தன்று வருகிறோம் என்றேன். அவர், "ஆ, ஹொந்தயி ஹொந்தயி, நல்லது. அந்த அம்மாவுக்கு அதுதான் நல்ல நாள்" என்று உற்சாகமாகச் சொன்னார். அவரும் நாள் நட்சத்திரம் பார்க்கிறவர்போல என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

போயா அன்று மருமகன் தன் நண்பனின் வேனை ஓட்டிவந்தான். பௌர்ணமி என்பதால் முட்டைகூடக் கிடையாது. எலுமிச்சம் சோறு, கிழங்குப் பிரட்டல், ஒரு பெரிய பையில் பொரித்த பப்படம். தங்கச்சி தன் மகளுடைய சுரிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு லயத்து வரிசை வீடுகளின் கோடியிலிருந்து நடந்து வந்தாள். அவளைச் சேலையில்லாமல் நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"என்னம்மா, ஸ்கூல் புள்ள மாதிரி!"

"சிரிக்காத. சேலையோட ஏறுனா காத்துக்குப் படகு என்னையப் பாய்மரம்னு நெனச்சுக்கும்."

வழியெல்லாம் வெள்ளை உடுத்தியவர்கள் பூத்தட்டுகளோடு புத்தரைக் கும்பிடப் பன்சலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கொட்டகையில் இறங்கியதும் எங்களுக்கு மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் தந்தார்கள். தங்கச்சி கொண்டையை அவிழ்த்துப் பின்னலாக்கிக் கவசத்துக்குள் திணித்தாள். வாரைத் தாடைக்குக் கீழே தானே இறுக்கிக்கொண்டாள்.

மருமகன்தான் முதலில் கங்கையைப் பார்த்தான். "மாமா, எங்க தண்ணி?"

தண்ணீர் இருந்தது. ஆனால் பாறைகளுக்கு இடையில் ஒதுங்கி ஓடிற்று. காணொளியில் நுரையாக இருந்த இடமெல்லாம் கறுப்பு முதுகுகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. கொட்டகைக்காரர் வந்து விளக்கினார். மேலே மின்சார நிலையத்திலிருந்து விடுகிற தண்ணீரைப் பொறுத்துத்தான் கங்கை ஏறும், இறங்கும். போயா நாளில் தொழிற்சாலைகள் மூடியிருக்கும், மின்சாரம் அதிகம் தேவைப்படாது, ஆகவே தண்ணீரும் குறைவாகத்தான் வரும். பிற்பகலில் சில வேளை திறந்துவிடுவார்கள்.

"போயாவுல தண்ணி இருக்காதுன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்று மருமகன் சிங்களத்தில் கேட்டான்.

அந்த மனிதர் வியப்போடு என்னைப் பார்த்தார். "ஐயா அதுக்குத்தானே போயாவைத் தெரிவு செய்தார்? தங்கச்சியை ஏற்ற வேண்டும் என்று வந்து கேட்டாரே!"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"இல்ல, எனக்குத் தெரியாது" என்றேன். "லீவு நாளுன்னுதான் வச்சேன்."

"மாமா, சும்மா கதைக்காதீங்க. ராகு காலம் வரைக்கும் பாக்கிற ஆளு, தண்ணி வாற நாளப் பாக்கலையாக்கும்?"

"சத்தியமாத் தெரியாதுடா."

"அப்பா, பொய் சொல்றப்ப மட்டும் உங்களுக்கு மூக்கு வேர்க்கும்" என்றாள் என் மகள். என் மூக்கு வேர்த்துத்தான் இருந்தது. வெயில். கங்கைக்கும் போயா விடுமுறை உண்டு என்பது என் மண்டையில் ஏறவே இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அங்கே எடுபடவில்லை. தங்கச்சி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கவசத்துக்குக் கீழே அவள் கண்கள் கலங்கியிருந்தன. அதற்குப் பிறகு நான் மறுப்பதை விட்டுவிட்டேன்.

மருமகன் விடவில்லை. மூன்று வருடத்துக்குப் பிறகு கிடைத்த விடுமுறை; அலைக்காகத்தான் வந்தான். "மத்தியானம் வரைக்கும் இருப்போம். தண்ணி வரட்டும். அம்மா, நீங்க அதக் கழட்டி வச்சிட்டுச் செத்த நேரம் உக்காருங்க."

அவன் சொன்னதன் பொருள் எல்லோருக்கும் விளங்கியது. தண்ணீர் வந்தால் அவளை ஏற்றமாட்டார்கள்.

"கழட்டுறதா?" என்றாள் தங்கச்சி. வாரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இத மாட்டவே இம்புட்டு நேரம் போச்சு. தண்ணி வந்தா நீ போ ராசா. நான் இப்பப் போறேன்."

"இதுல என்னம்மா இருக்கு? வாளித் தண்ணி மாதிரி இருக்கு."

"எனக்கு வாளித் தண்ணி போதும்."

"அண்ணே, வேணும்னா நீ வெயிட் பண்ணு" என்றாள் அவன் தங்கை, கவசத்தை மாட்டிக்கொண்டே. என் மகளும் மாட்டிக்கொண்டாள். என் மனைவி துடுப்பைத் தோளில் சாய்த்து, காவலுக்குப் போகிறவள்போல படகை ஏற்றி நின்ற லொறிப் பக்கம் நடந்துவிட்டாள். மிஞ்சியவர்கள் நானும் அவனும். துடுப்புப் போட இன்னொரு ஆள் வேண்டும் என்று கொட்டகைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கரையில் நின்று படம் எடுப்பதாகத்தான் மனதுக்குள் வைத்திருந்தேன். கமராவை மருமகன் கையில் கொடுத்தேன்.

அவன் கமராவையும் பார்த்தான், மரத்தடியில் இருந்த சோற்றுப் பானையையும் பைகளையும் பார்த்தான்.

"அப்ப இதுகள யாரு பாக்கிறது?"

நான் துடுப்பொன்றை எடுத்துக்கொண்டேன். அவன் பெருமூச்சு விட்டுப் பானைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தங்கச்சி இரண்டடி போய்விட்டுத் திரும்பி, "பப்படப் பைய மேல வைக்காத, குரங்கு வரும்" என்றாள்.

லொறி எங்களை மேலே கொண்டுபோய் இறக்கியது. படகின் முன்விளிம்பில் தங்கச்சி நடுவாக உட்கார்ந்தாள். பின்னால் இருந்த படகு ஓட்டுநர் அவளைப் பார்த்து, "அம்மே, பயத?" என்றார். அவள் சிங்களத்திலேயே, மலையில் ஈரப் பாசியில் விழாமல் நடந்த காலுக்கு இதெல்லாம் ஒரு பயமா என்றாள்.

உண்மையைச் சொன்னால் பாதி வழி நாங்கள் படகில் போனோம், மீதி வழி பாறைகளில் சிக்கினோம். சிக்கும்போதெல்லாம் எல்லோரும் ஒரு பக்கமாக நகர்ந்து குதிக்க வேண்டும். என் மனைவி குதித்த குதிப்பில் ஒரு தடவை படகு பாறையை விட்டு வந்தது. என் மகள்தான் தண்ணீருக்குள் போனாள், இடுப்பளவுத் தண்ணீர். தங்கச்சி கயிற்றைப் பிடித்தபடி நாலாபுறமும் பார்த்துக்கொண்டே வந்தாள். மேலே அட்டன் பாதையில் ஒரு பஸ் போனது. அவள் துடுப்பைத் தூக்கி அசைத்தாள். பஸ்ஸிலிருந்து யாரோ கையசைத்தார்கள்.

கொட்டகைக்குச் சற்று மேலே இரண்டு பாறைகள் நெருங்கி நிற்கின்றன. இருக்கிற தண்ணீரெல்லாம் அங்கேதான் சேர்ந்து விழுகிறது. ஓட்டுநர் துடுப்புகளை உள்ளே வைக்கச் சொன்னார். படகு மூக்கைக் குத்தி இறங்கியது. பெண்பிள்ளைகள் வீறிட்டார்கள். நான் என்ன செய்தேன் என்பது எனக்கு நினைவில்லை. தெய்வத்தைக் கூப்பிட்டதாக மனைவி சொல்கிறாள். தங்கச்சி கத்தியது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அது வீறிடலில்லை. நீளமான ஒற்றை ஓசை. எங்கள் மலையில், சிரட்டைகளிலிருந்து பால் சேர்க்கும் நேரம் வந்ததும் உச்சி மரங்களில் நிற்பவர் அப்படித்தான் ஓங்கிக் குரல் கொடுப்பார். அடுத்த சரிவில் உள்ளவர் அதை வாங்கிக் கீழே அனுப்புவார். வருடக்கணக்காக உச்சியில் நின்றவள் அவள்தான்.

நுரையைத் தாண்டி வெளியே வந்தபோது கீழே கரையிலிருந்து அதே ஓசை திரும்பி வந்தது.

மருமகன் எழுந்து நின்றிருந்தான். சின்ன வயதில் பாடசாலை விடுமுறை நாட்களில் அவன் லயத்து வாசலில் காத்திருப்பான். அம்மாவின் குரல் மலையிலிருந்து வந்ததும் பதில் குரல் கொடுத்துவிட்டு, உள்ளே ஓடிப்போய்த் தேத்தண்ணிக்கு உலை வைப்பான். படகு கரையைத் தொட்டபோது அவன் கையில் பிளாஸ்க் மூடி இருந்தது. அதில் ஆவி பறக்கும், பாலில்லாத பிளேன் டீ. மற்ற உள்ளங்கையில் தொட்டுக் குடிக்கச் சீனி. இரண்டையும் அம்மாவிடம் நீட்டினான். அவள் கவசத்தைக் கழற்றாமலே ஒரு மிடறு குடித்தாள்.

"எப்படிம்மா இருந்திச்சு?"

"ஏன் கத்துறாங்கன்னு வெளங்கிருச்சு" என்றாள். அவன் தோளுக்கு மேலால் பார்த்து, "அடப் பாவி, பானை!" என்றாள்.

அவன் தேநீர் ஊற்றிய நேரத்தில் குரங்குகள் வந்திருந்தன. பானையின் மூடியை அவற்றால் அசைக்க முடியவில்லை. பப்படப் பை மரத்தின் மேலே இருந்தது. ஒரு குட்டி எங்களைப் பார்த்தபடியே முறுமுறுவென்று கடித்துக்கொண்டிருந்தது.

"எத்தன வருசம் உக்காந்திருப்பேன். ஒரு செருப்பு காணாமப் போயிருக்கா?" என்று தங்கச்சி கேட்டாள். "ஒரு காலைப் பொழுதுக்கே இந்த லட்சணம்."

"அத்தான் பப்படப் பை மேல உக்காந்திருக்கணும்" என்றாள் என் மகள்.

பிற்பகலில் தண்ணீர் வந்தது. சத்தமில்லாமல் பாறைகளின் முதுகு ஒவ்வொன்றாக மறைந்தது. மருமகனும் பெண்பிள்ளைகளும் கொட்டகைக்காரரின் வேறொரு குழுவோடு சேர்ந்து மறுபடி போனார்கள். தங்கச்சி ஈரச் சுரிதாரோடு பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்களுக்கு எப்படித்தான் தெரிஞ்சுச்சோ அண்ணே, போயாவுல தண்ணி கொறையும்னு" என்றாள். நான் மீண்டும் ஒரு தடவை உண்மையைச் சொன்னேன். "சரி சரி" என்று என் முழங்கையைத் தட்டினாள்.

மருமகன் எடுத்த படங்களில் ஒன்றைக் கழுவி எடுத்தோம். முன்னால் தங்கச்சி, வாயை அகலத் திறந்தபடி. பின்னால் நாங்கள் நால்வரும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறோம். வழக்கம்போலப் பின்பக்கத்தில் தேதி, நவம் போயா, இடம், பெயர்கள், பிறகு அடைப்புக்குள் 'தண்ணீர் குறைவு' என்று எழுதினேன். படத்தைப் பார்க்க வந்தவள் அதை வாசித்துவிட்டாள்.

"இது எதுக்கு அண்ணே?"

"நடந்தத எழுதணும்ல."

"பாக்கிறவங்களுக்குத் தண்ணியா தெரியுது? நான்தானே தெரியிறேன்."

எழுதியதை அழிக்கும் பழக்கம் எனக்கில்லை. அன்றைக்கு அழித்தேன். படத்தை அவள் வாங்கிப் போய், லயத்து வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். அடுத்த சித்திரைக்கு முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போவதாகப் பேச்சு. பை யாருடைய முறை என்று மருமகன் கத்தாரிலிருந்து இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான்; தன் முறை முடிந்துவிட்டதாம். பப்படத்தைக் கோட்டை விட்டது கணக்கில் வராது, இன்னொரு தடவை அவன்தான் உட்கார வேண்டும் என்று அம்மா சொல்கிறாள்.